வேலியும் மானும்: ஆர்தர் மார்கன் என்னும் காணொளி விளையாட்டுப் பாத்திரமும் கிராமிய இலக்கியக் குறியீடுகளும்

முன்னுரை

இலக்கியத்தில் இயற்கை பின்புலமாக மட்டும் நிற்பதில்லை என்பதைச் சங்க இலக்கியம் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் தொடர்ந்து எடுத்துரைத்து வருகின்றனர். மருத நிலத்து எருமை பொய்கையில் தாமரையை மேய்கின்றது என்றால், அது தலைவனின் ஒழுக்கத்தைக் குறிப்பால் உணர்த்துகின்றது என விளக்குகின்றோம். ஆயின் இவ்விளக்கம் மாணவர் பலருக்குத் தேர்வுத்தாளில் எழுதப்பட வேண்டிய செய்தி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. அதே மாணவர் ஓய்வு நேரத்தில் கணினித் திரையில் மூடுபனிக்கிடையே தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு மானைக் கண்டு, அது எதனைக் குறிக்கின்றது என்று நண்பருடன் வாதிடுகின்றார். குறியீட்டை உணரும் திறன் அவரிடம் இல்லாமல் இல்லை. அத்திறன் வகுப்பறைக்குள் வந்து சேரவில்லை என்பதே உண்மை.

இவ்விடைவெளியைக் கருத்திற்கொண்டு, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்னும் காணொளி விளையாட்டின் தலைமைப் பாத்திரமாகிய ஆர்தர் மார்கனைக் கிராமிய இலக்கியக் குறியீடுகளின் வழி நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. இப்பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மானையே அதன் முதன்மைக் குறியீடாகக் கொள்கின்றனர். மானினும் ஆழமான குறியீடு ஒன்று இவ்விளையாட்டில் உண்டு என்பதும், அது ஓர் ஏழை உழவரின் பண்ணை வேலி என்பதும் நமது கருத்தாகும்.

விளையாட்டும் அதன் காலக்களமும்

ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் இவ்விளையாட்டை 2018ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் வெளியிட்டது. டேன் ஹவுசர், மைக்கேல் அன்ஸ்வொர்த், ரூபர்ட் ஹம்ஃப்ரீஸ் ஆகியோர் இதன் கதையை எழுதிய முதன்மை எழுத்தாளர்கள். ஆர்தருக்குக் குரலும் உடலசைவும் வழங்கியவர் ரோஜர் கிளார்க் என்னும் நடிகர். 2025ஆம் ஆண்டளவில் இவ்விளையாட்டு 7 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாகியிருந்தது. ஒரு நாவல் இத்தனை பேரைச் சென்றடைவது அரிது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இத்தகைய பனுவல்களை ஆய்வுலகம் புறந்தள்ளுதல் இயலாது என்பது தெளிவாகும்.

கதை 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்கின்றது. நிலப்பகுதிகள் கற்பனைப் பெயர் கொண்டவை. எனினும் அவை உண்மையான அமெரிக்க நிலங்களின் சாயலில் அமைந்தவை. டச் வான் டெர் லிண்ட் என்பவரின் தலைமையிலான கொள்ளைக் கூட்டத்தில் சிறுவயது முதல் வளர்ந்தவன் ஆர்தர். கொள்ளை முயற்சி ஒன்று தோல்வியுற, அக்கூட்டம் சட்டத்தின் கைக்குத் தப்பி ஓடுகின்றது. அவ்வோட்டத்தின் இடையே ஆர்தர் காசநோய்க்கு ஆளாகித் தன் வாழ்வை மீளாய்வு செய்யத் தொடங்குகின்றான்.

1899 என்னும் ஆண்டு தற்செயலாகத் தேர்ந்துகொள்ளப்பட்டதன்று. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் குடியேறுவோர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் வரை நிலம் பெற வழி செய்தது. 1874இல் ஜோசஃப் கிளிடன் என்பவர் மேம்படுத்தப்பட்ட முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரம் அரிதாக இருந்த சமவெளியிலும் குறைந்த செலவில் வேலியிட அது வழிவகுத்தது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில், குடியேற்றத்திற்குத் திறந்து கிடந்த எல்லைக்கோடு இனி இல்லை என அறிவிக்கப்பட்டது. 1893இல் வரலாற்றறிஞர் ஃப்ரெடரிக் ஜாக்சன் டர்னர், அவ்வெல்லை நிலமே அமெரிக்கரின் இயல்பை உருவாக்கியது என்ற கருத்தைச் சிகாகோ நகரில் முன்வைத்தார். எனவே ஆர்தர் குதிரையேறித் திரியும் நிலம், ஏற்கெனவே வேலியிடப்பட்டு முடிந்த நிலமாகும். அவன் தன் காலம் முடிந்த பின்னும் வாழ்ந்து கொண்டிருப்பவன்.

குறியீட்டை அணுகும் முறை

மேலைநாட்டுக் கிராமிய இலக்கியம் நெடிய மரபுடையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் தியோகிரிட்டஸ் பாடிய ஆயர் பாடல்களும், பின்னர் உரோமைக் கவிஞர் வெர்ஜில் இயற்றிய முல்லைப்பாங்கான கவிதைகளும் அம்மரபின் ஊற்றுக்கண்கள். வெர்ஜிலின் முதற்கவிதையிலேயே ஓர் ஆயன் மரநிழலில் குழலூதிக்கொண்டிருக்க, மற்றோர் ஆயன் தன் நிலத்தை இழந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியேறுகின்றான். இன்பமான நிலக்காட்சிக்குள் நிலமிழப்பும் உடனிருக்கின்றது என்பதே இம்மரபின் அடிப்படைப் பண்பு எனலாம். ஆங்கில இலக்கியத்தில் இப்பண்பினை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாடும் நகரமும்’ என்னும் பொருளமைந்த நூலில் விரிவாக ஆராய்ந்தார். அமெரிக்க இலக்கியத்தில் அமைதியான நிலக்காட்சிக்குள் இயந்திரம் ஊடுருவும் தன்மையை லியோ மார்க்ஸ் 1964ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார்.

தமிழ் மரபில் பயின்ற நமக்கு இவ்விடத்தில் உள்ளுறை பற்றிய தெளிவு துணைநிற்கும். தெய்வம் நீங்கலான ஏனைய கருப்பொருள்களை இடமாகக் கொண்டு உள்ளுறை அமையும் என்பது தொல்காப்பியரின் வரையறை. விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியன கதைமாந்தரின் வாழ்வை வெளிப்படக் கூறாமல் குறிப்பால் உணர்த்துகின்றன. ஒரு பொருள் என்ன குறிக்கின்றது என வினவுவதற்கு முன், அது எந்நிலத்தில், எத்தொழிலோடு, யாருக்குரியதாக நிற்கின்றது என வினவும் பழக்கத்தை இவ்வரையறை நமக்குத் தருகின்றது. அப்பழக்கத்தை மட்டுமே இங்குக் கைக்கொள்கின்றோம். அமெரிக்கப் புல்வெளியை முல்லை என்றோ, கொள்ளையரைப் பாலைநில மாந்தர் என்றோ பெயரிட்டு அழைப்பது நம் நோக்கமன்று. திணை மரபு பன்னெடுங்காலமாகப் புலவரும் சுவைஞரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட இலக்கணம். அமெரிக்க இலக்கியத்திற்கு அத்தகைய பொது இலக்கணம் இல்லை. அங்குக் குறியீட்டின் பொருளை அடுத்தடுத்து வந்த நூல்களே உருவாக்கின.

மான்: இலக்கிய மரபும் விளையாட்டும்

மான் அவ்வாறு பல நூல்களின் வழியே பொருள் திரண்ட ஒரு குறியீடு. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823இல் வெளியிட்ட ‘தி பயனியர்ஸ்’ நாவல், ஒரு மானைக் கொன்றவர் யார் என்னும் வழக்கோடு தொடங்குகின்றது. நிலவுடைமையாளராகிய நீதிபதியும் காட்டு வேட்டுவனாகிய நேட்டி பம்போவும் அங்கே முரண்படுகின்றனர். பின்னர் தடைசெய்யப்பட்ட பருவத்தில் மான் வேட்டையாடியதைத் தொடர்ந்து அவ்வேட்டுவன் சட்டத்தின்முன் நிறுத்தப்படுகின்றான். மான் இங்கே காட்டின் உரிமைக்கும் ஊரின் சட்டத்திற்கும் இடையே நிற்கின்றது.

மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1938இல் எழுதிய ‘தி இயர்லிங்’ நாவலில் ஜோடி என்னும் சிறுவன் மான்குட்டி ஒன்றை வளர்க்கின்றான். அது வளர்ந்து, குடும்பம் உயிர்வாழ நம்பியிருக்கும் பயிரை மேய்ந்து விடுகின்றது. வேலியை உயர்த்தியும் பயனில்லை. இறுதியில் மான் கொல்லப்பட, சிறுவனின் பிள்ளைப்பருவம் முடிகின்றது. வில்லியம் ஃபாக்னரின் 1942ஆம் ஆண்டு நூலாகிய ‘கோ டௌன், மோசஸ்’ என்பதிலோ, முதல் மானை வேட்டையாடிய சிறுவனின் முகத்தில் அதன் குருதி பூசப்படுகின்றது. அவன் காட்டின் அறத்திற்குரியவனாக ஏற்கப்படுகின்றான்.

ஆர்தரின் கதையில் மான் இம்மரபின் தொடர்ச்சியாகவே தோன்றுகின்றது. செயின்ட் டெனிஸ் நகரில் மருத்துவர் அவனுக்குக் காசநோய் என்று கூறிய பின், அவன் தெருவில் தளர்ந்து நடக்கின்றான். அப்போது அவன் அகக்கண்ணில் விலங்கு ஒன்று தோன்றுகின்றது. விளையாடுபவர் அதுவரை அறநெறியில் நடந்திருப்பின் அது கலைமானாகவும், தீநெறியில் நடந்திருப்பின் ஓநாய்க் குலத்து விலங்காகவும் அமைகின்றது. இறுதி நேரத்திலும் அதே விலங்கே மீண்டும் காட்சி தருகின்றது.

நூலுக்கும் விளையாட்டுக்கும் இடையிலான வேறுபாடு இங்குப் புலனாகின்றது. நூலில் குறியீட்டை ஆசிரியர் வைக்கின்றார்; வாசகர் பொருள் காண்கின்றார். இவ்விளையாட்டிலோ விளையாடுபவரின் செயலைப் பனுவல் பொருள் கண்டு, அதன் முடிவைக் குறியீடாகத் திருப்பித் தருகின்றது. ஒரே கதையை இருவர் விளையாடி இருவேறு விலங்குகளைக் காண்பது இயல்பாகின்றது. இது குறியீட்டியலில் புதிய நிலை என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இதன் வரம்பையும் சுட்டுதல் வேண்டும். அறநெறியின் அளவு கணக்கீட்டின் வழியே கூடியும் குறைந்தும் வருகின்றது. வழிப்போக்கருக்கு வணக்கம் கூறினாலும், முகாமில் சிறு வேலைகள் செய்தாலும், பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டாலும் அளவு உயர்கின்றது. பலரைக் கொன்ற ஒருவன் போதிய அளவு நல்வார்த்தை கூறி மானைப் பெற்றுவிட இயலும். அன்றியும் மான் நன்மை, ஓநாய் தீமை என்னும் பகுப்பு ஆட்டுப்பட்டிக்காரரின் பார்வையிலிருந்து பிறந்தது. ஓநாய்களைக் கொன்றொழித்தால் மான்கள் பெருகி மலையின் பசுமையே அழியும் என்பதை ஆல்டோ லியோபோல்ட் 1949ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் உணர்த்தினார். எனவே மான் என்னும் குறியீடு அழகியது. ஆயினும் எளிதில் ஈட்டக்கூடியது. ஆர்தரின் வாழ்வை அது முழுமையாக விளக்கவில்லை.

வேலி: தவிர்க்க இயலாத குறியீடு

கதையின் இரண்டாம் பகுதியில் ஆர்தர் கடன் வசூலிக்க அனுப்பப்படுகின்றான். கூட்டத்தைச் சேர்ந்த ஸ்ட்ராஸ் என்பவர் ஏழைகளுக்கு மிகுந்த வட்டிக்குக் கடன் கொடுப்பவர். கடன்பட்டோருள் ஒருவர் தாமஸ் டவுன்ஸ் என்னும் உழவர். ஆர்தர் செல்லும்போது அவர் தம் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றார். ஏற்கெனவே நோயுற்றவர். மனைவி ஈடித்தும் மகன் ஆர்ச்சியும் உடனிருக்கின்றனர். ஆர்தர் அவரை அடித்து வேலியோடு சாய்த்து நெருக்க, அவர் இருமுகின்றார். குருதி ஆர்தரின் முகத்தில் தெறிக்கின்றது. காசநோய் அவ்வேலியோரத்தில்தான் அவனைப் பற்றுகின்றது.

1882ஆம் ஆண்டிலேயே இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். ஆயினும் அதற்கு மருந்தாகப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே 1899இல் நோயின் பெயரை மருத்துவரால் கூற இயலும், குணப்படுத்த இயலாது. வேலியோரத்தில் நிகழ்ந்த சில நொடிகள் மரணத் தீர்ப்பாக மாறுவதற்கு வரலாறே சான்றாக நிற்கின்றது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இவ்விளையாட்டில் எத்தனையோ செயல்களைச் செய்யவும் தவிர்க்கவும் விளையாடுபவருக்கு உரிமை உண்டு. டவுன்ஸை அடிக்கும் நிகழ்ச்சியை மட்டும் அவர் தவிர்க்க இயலாது. அதனை நிறைவேற்றாமல் கதை முன்னேறுவதில்லை. மானையோ ஓநாயையோ பெறுவது அவரவர் தெரிவு. வேலியோரத்து வன்செயல் எல்லாருக்கும் பொது. விளையாடுபவரின் விரலே அவ்வுழவரை அடிக்கின்றது. மறுக்கும் வாய்ப்பு அவ்விரலுக்கு வழங்கப்படவில்லை. மாற்றவியலாத இக்குறியீட்டிலேயே ஆர்தரின் அவலம் தங்கியுள்ளது என்பது நம் துணிபு.

அமெரிக்கக் கிராமிய இலக்கியத்தில் சிறு உழவரின் பண்ணைக்குத் தனி மதிப்பு உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் 1785இல் அச்சிடப்பெற்ற வர்ஜீனியா பற்றிய நூலில், மண்ணை உழுது வாழ்வோரையே நாட்டின் அறத்திற்கு அடித்தளமாகக் கண்டார். வேலி அவ்வாழ்வின் எல்லை. குடும்பத்தின் உழைப்பு எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதன் அடையாளம். கொள்ளையனோ வேலியை வெறுப்பவன். அவனுக்கு நிலம் முழுவதும் ஒரே வழி. கூப்பரின் வேட்டுவன் வேலியை வெறுத்தமைக்குக் காட்டின்மீது கொண்ட அன்பு காரணம். ஆர்தர் டவுன்ஸின் வேலிக்குள் நுழைவதற்குக் கந்துவட்டியே காரணம். எல்லையற்ற விடுதலை பேசும் கூட்டம் ஏழையின் கடனில் உண்டு வாழ்கின்றது என்னும் முரண் அவ்வேலியில் வெளிப்படுகின்றது.

அதன் பின்விளைவும் நோக்கத்தக்கது. டவுன்ஸ் இறந்த பின் ஆர்தர் மீண்டும் சென்று அக்கைம்பெண்ணிடமே பணம் பெறுகின்றான். பண்ணை கைவிட்டுப் போகின்றது. பின்னொரு காலத்தில் அன்னெஸ்பர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் அவன் அவர்களைக் காண்கின்றான். மகன் சுரங்கத் தொழிலாளி. தாய் உடலை விற்று வாழும் நிலை. தோட்டத்தில் தந்தையோடு நின்ற சிறுவன் நிலத்தின் அடியாழத்திற்குச் சென்றுவிட்டான். இயந்திரம் தோட்டத்திற்குள் நுழைகின்றது என லியோ மார்க்ஸ் கண்டதற்கு நேர்மாறாக, இங்குத் தோட்டத்து மக்கள் இயந்திரத்திற்குள் தள்ளப்படுகின்றனர். ஆர்தர் அவர்களுக்குப் பணம் கொடுத்து உதவ முயல்கின்றான். அது உதவியேயன்றி ஈடு ஆகாது என்பதைக் கதை மறைக்கவில்லை.

மேற்கு நோக்கிய கனவும் கிழக்கு நோக்கிய பயணமும்

கூட்டத்தின் கனவு மேற்கு நோக்கியது. தலைவர் டச் திறந்த நிலத்தைப் பற்றி ஓயாது பேசுகின்றார். பயணமோ கிழக்கு நோக்கியே அமைகின்றது. பனிமூடிய மலையில் தொடங்கி, கால்நடைச் சந்தை கூடும் வாலண்டைன் ஊரை ஒட்டிய புல்வெளிக்கு இறங்குகின்றனர். பின்னர் பழைய பெருந்தோட்டக் குடும்பங்கள் பகைகொண்டு வாழும் தெற்குப் பகுதி. அடுத்துச் சதுப்பு நிலத்தில் சிதைந்து நிற்கும் தோட்ட மாளிகை. பின்பு புகைபோக்கிகள் நிறைந்த நகரம். கரும்புத் தோட்டத் தீவு. இறுதியில் ஒரு குகை. நிலம் படிப்படியாகச் சுருங்குகின்றது. வானம் காணக்கூடிய புல்வெளியில் தொடங்கிய வாழ்வு, வெளிச்சமற்ற குகையில் முடிகின்றது.

நிலக்காட்சியின் இவ்வரிசை கூட்டத்தினரின் உறவுகள் சீர்குலைவதோடு இணைந்து செல்கின்றது. முதற்பொருளாகிய நிலம் மாற, உரிப்பொருளாகிய ஒழுக்கமும் மாறும் என்னும் தெளிவு நமக்குப் புதிதன்று. அறநெறியில் நின்று, நண்பன் ஜான் மார்ஸ்டனைக் காக்கும் வழியைத் தெரிந்தெடுத்த ஆர்தர், மலைமீது கதிரவன் எழுவதைக் கண்டவாறு உயிர்விடுகின்றான். கதிரவன் எழுவது கிழக்கில். வாழ்நாள் முழுவதும் மேற்கைக் கனவு கண்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் கிழக்கு நோக்கி இறக்கின்றான் என்பது விளையாட்டில் எவராலும் சொல்லப்படாத செய்தி. சொல்லப்படாமையே அதற்கு ஆற்றல் சேர்க்கின்றது.

நிலத்தின் முந்தைய உரிமையாளர்

கிராமிய இலக்கியம் நிலத்தைப் போற்றும்போது, அந்நிலத்தில் முன்பு வாழ்ந்தவரை மறந்துவிடும் இயல்புடையது. இவ்விளையாட்டு அம்மறதிக்கு முழுமையாக இடந்தரவில்லை. வாபிட்டி என்னும் ஒதுக்கீட்டு நிலத்தில் ரெயின்ஸ் ஃபால் என்னும் முதிய தலைவரும் அவருடைய மகன் ஈகிள் ஃப்ளைஸும் தம் மக்களோடு வாழ்கின்றனர். நிலத்தடி எண்ணெய்க்காக அங்கிருந்தும் அவர்கள் துரத்தப்படுகின்றனர். மகன் போரிட்டு மடிகின்றான்.

‘வாபிட்டி’ என்பது வட அமெரிக்கப் பெருமான் இனம் ஒன்றின் பெயருமாகும். அச்சொல் ஷானி மக்களின் மொழியிலிருந்து வந்தது. ஆக, ஆர்தரின் அகக்கண்ணில் மான் தோன்றும் கதையிலேயே, ஒரு மானின் பெயரைத் தாங்கிய நிலத்திலிருந்து மக்கள் வெளியேற்றப்படுகின்றனர். ஒரு வெள்ளையனின் மீட்சிக்கு மான் சான்றாக நிற்க, மானின் பெயருடைய நிலத்தார்க்கு மீட்சி இல்லை. வரலாறும் இதனை உறுதிப்படுத்துகின்றது. 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம் தொல்குடி நிலங்களைக் கூறுபோட வழிவகுத்தது. அவ்வாண்டில் 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்களின் நிலம், 1934இல் ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகக் குறைந்தது.

ரெயின்ஸ் ஃபாலுடன் குதிரையில் செல்லும்போதுதான் ஆர்தர் தன் மகன் ஐசக்கைப் பற்றிக் கூறுகின்றான். அவ்வப்போது சென்று பார்த்துவந்த அச்சிறுவனையும் அவன் தாயையும் யாரோ 10 டாலருக்காகக் கொன்றுவிட, வீட்டின் வெளியே இரு சிலுவைகளை மட்டுமே அவன் கண்டான். தானும் ஒரு காலத்தில் வேலிக்குள் வாழ்ந்திருக்கக் கூடும். அவ்வாழ்வைத் தன்னையொத்த கொள்ளையர் அழித்தனர். டவுன்ஸின் வேலியில் அவன் செய்தது, தனக்குச் செய்யப்பட்டதையே என்பது இவ்விடத்தில் விளங்குகின்றது.

இரண்டாவது பண்ணை

ஆர்தர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1907இல் கதை ஜான் மார்ஸ்டனைப் பின்தொடர்கின்றது. துப்பாக்கி பிடித்த கையால் விளையாடுபவர் இப்போது சாணம் அள்ளுகின்றார், பால் கறக்கின்றார். பின்னர் ஜான் வங்கிக் கடன் பெற்று பீச்சர்ஸ் ஹோப் என்னும் நிலத்தை வாங்கி, நண்பர் துணையோடு மரவீடு ஒன்றைக் கட்டுகின்றான். விரைந்து நகரும் விளையாட்டை விரும்பும் சிலர் இப்பகுதியைச் சலிப்பூட்டுவது என்பர். நமது நோக்கில் இதுவே கதையின் நிறைவு. ஆர்தர் அழித்தது ஒரு பண்ணை. அவன் உயிர் கொடுத்துக் காத்ததன் பயனாக எழுந்தது ஒரு பண்ணை. இரண்டிற்கும் இடையே அவன் வாழ்வு அளக்கப்படுகின்றது.

ஆயினும் இது முழு மகிழ்ச்சியன்று. முதற்பண்ணையை அழித்தது கடன். இரண்டாவது பண்ணையும் கடனிலேயே எழுகின்றது. மேலும், 2010இல் வெளிவந்த முந்தைய விளையாட்டை அறிந்தவர்க்கு, 1911இல் ஜான் அதே பண்ணையின் களஞ்சியத்தின் முன் அரசுப் படையினரால் சுட்டுக் கொல்லப்படுகின்றான் என்பது தெரியும். நிழலில் குழலூதும் ஆயனும் நிலமிழந்து செல்லும் ஆயனும் ஒரே கவிதையில் நின்ற வெர்ஜிலின் மரபு இங்கும் தொடர்கின்றது.

கற்பித்தலுக்குரிய சில கருத்துகள்

இவ்விளையாட்டு வன்முறைக் காட்சிகள் நிறைந்தது, வயதுவந்தோர்க்கென வகைப்படுத்தப்பட்டது. ஆதலால் இதனைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைப்பது நம் கருத்தன்று. பல்கலைக்கழக நிலையில் குறியீடு, உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றைக் கற்பிக்கும்போது ஒப்பீட்டுச் சான்றாக இதனைப் பயன்படுத்தலாம். இளைய மாணவர்க்குப் பொருத்தமான வேறு விளையாட்டுகளைக் கொண்டும் இம்முறையைப் பின்பற்ற இயலும்.

முதலாவதாக, மாணவரிடம் ‘இது எதன் குறியீடு’ என வினவுவதற்கு முன், அப்பொருள் எந்நிலத்தில், யாருடைய உழைப்போடு தொடர்புற்று நிற்கின்றது என வினவலாம். இரண்டாவதாக, விளையாடுபவரால் மாற்றக்கூடிய குறியீடு எது, மாற்றவியலாத குறியீடு எது எனப் பிரித்தறியச் செய்யலாம். இவ்வினா உள்ளுறையைக் கற்கும்போதும் பயன்படும். பாடலில் கூற்று நிகழ்த்துவோர் தாமே தேர்ந்து கூறும் குறிப்பு ஒருபுறம். அவர் அறியாமலேயே நிலம் உணர்த்தும் பொருள் மறுபுறம். மூன்றாவதாக, குறியீடு எதனைக் காட்டுகின்றது என்பதோடு எவரை மறைக்கின்றது என்பதையும் வினவப் பழக்கலாம். நிலத்தைப் பாடும் எந்த இலக்கியத்திற்கும் இவ்வினா பொருந்தும். காடு திருத்தி எழுந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, நிலவுரிமை இன்றி வெளியேறிய மக்களின் இலக்கியத்தைக் கற்பிக்கும் மலேசியச் சூழலில் அவ்வினாவின் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆர்தர் மார்கன் என்னும் பாத்திரம் அமெரிக்கக் கிராமிய இலக்கியம் இரண்டு நூற்றாண்டுகளாக வளர்த்த குறியீடுகளின்மீது எழுப்பப்பட்டது. மான் அவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவது. விளையாடுபவரின் ஒழுக்கத்திற்கேற்ப மாறுவது. வேலியோ மாறுவதில்லை. ஏழை உழவரின் வேலியோரத்தில் தொடங்கிய நோய், கூட்டத்தின் பெருமிதப் பேச்சுகள் அனைத்தையும் பொய்யாக்கி, ஆர்தரை உண்மைக்கு இட்டுச் செல்கின்றது. நல்லவன் என்னும் பெயரைக் கணக்கிட்டு ஈட்டலாம்; செய்த தீங்கின் சுவட்டை அவ்வாறு அழித்தல் இயலாது. இவ்வறம் உரையாடலில் உரைக்கப்படாமல் பொருள்களின் வழியே உணர்த்தப்படுகின்றது.

எருமையும் தாமரையும் வழியாக நம் முன்னோர் செய்ததும் இத்தகைய உணர்த்துதலே. ஊடகம் மாறியிருக்கின்றது. பொருளை நோக்கி, நிலத்தை நோக்கி, அதன்பின் மனத்தை நோக்கும் வாசிப்பு முறை மாற வேண்டியதில்லை. அம்முறையைத் தம் மரபிலேயே உடைய தமிழாசிரியர், மாணவர் கையிலிருக்கும் புதிய பனுவலைக் கண்டு ஒதுங்கி நிற்பின், இழப்பு மாணவர்க்கு மட்டுமன்று, அம்மரபிற்குமாகும்.